சபையில் ஒரு நீர்க்காகம்

ஏரி நடுவே நின்ற மரத்தில் எந்தப் பறவை எந்தக் கிளையில் கூடு கட்டலாம் என்பதை ராஜக் கொக்கு நியமித்த சபைதான் முடிவு செய்யும். கறுப்புப் பறவைகளுக்கு எப்போதும் தாழ்ந்த கிளைதான் கிடைக்கும்.

மையழகி என்ற நீர்க்காகம் வருஷா வருஷம் அந்தச் சபையைக் கவனித்து வந்தாள். ஒருநாள் ராஜாவிடமே போய்ச் சொல்லிவிட்டாள்.

"மகாராஜா, சபையில் எல்லாருமே வெள்ளை, எல்லாருமே ஆண். முட்டையிட்டவள் ஒருத்திகூட இல்லை."

ராஜா சிரித்தார். "அப்படியானால் நீயே வந்து உட்கார்."

மையழகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் கூட்டத்திலேயே, "மழைக்கு முன்னால் தாழ்ந்த கூடுகளை மேலே மாற்றிவிட வேண்டும்" என்றாள்.

"அதெல்லாம் நீ வருவதற்கு முன்பே முடிவானதம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டது ஒரு கிழக் கொக்கு. அதற்குப் பிறகு அவள் வாய் திறந்தபோதெல்லாம் சபை கலைந்தது.

மழை கொட்டித் தீர்த்தது. தாழ்ந்த கிளைகள் மூழ்கின. குஞ்சுகளைப் பறிகொடுத்த பறவைகள் ராஜாவிடம் போய்க் கதறின.

"என்னை ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் இனத்துப் பெண்தான் சபையில் இருந்தாளே!" என்றார் ராஜா.

எல்லாக் கண்களும் மையழகி பக்கம் திரும்பின. தன் குஞ்சுகளும் போய்விட்டதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். கேட்க ஒருவரும் நிற்கவில்லை.