பிரீமியம் ஏறக்கூடாது

இசக்கி கார் பம்பரில் இருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓரத்துலயும் இருக்கு பாரு, நன்னா தேய்" என்றார் வேங்கடசுப்ரமணியன், காபியை ஆற்றிக்கொண்டே.

காலையில் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் முனையில் கைவண்டி இழுத்துப் போன முகம்மது ஹனீப்பின் கால் இந்தக் காருக்கு அடியில்தான் நொறுங்கியது. ஆனால் அப்போது காரை ஓட்டியவர் வேங்கடசுப்ரமணியன். அவருடைய டிரைவர் இசக்கி மார்க்கெட் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தாளு காலை எடுத்துருவாகளாம்யா. ரெண்டு பொம்பளப் பிள்ளைக வேற."

"அதையெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாத்துக்கும். என் கஷ்டத்தைக் கேளு. இந்த வருஷம் ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு ஆக்சிடென்ட், மூணு டிராஃபிக் சலான். இதுவும் நான்தான்னா பிரீமியத்தை டபுள் ஆக்கிடுவான். நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு."

"போலீசுல பிடிச்சிட்டுப் போயிருவாகளேய்யா?"

"ஃபைன்தான் போடுவான், நான் கட்டறேன். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

ஒரு மனுஷனுக்குக் கால் போகிறது, இவருக்குப் பிரீமியம் கவலை! சொல்லவே நாக்கூசுகிறது.

இசக்கி ஏழு வருஷமாகப் பாதிச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். டிராஃபிக் ஹவல்தார் நிற்கிற கிங்ஸ் சர்க்கிள் பக்கமே போகாமல் சந்து சந்தாகச் சுற்றித்தான் வருவான். பயந்தாங்கொள்ளி என்று வேங்கடசுப்ரமணியன் கேலி செய்வார். தாராவியில் நாலு வயிறு அவனை நம்பி இருந்தது. சரி என்று தலையாட்டினான்.

பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கோமதிநாயகம் வந்தார். இசக்கி ஒப்பித்ததை அப்படியே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

"சார், உங்க ரெக்கார்டு ரொம்ப மோசம். நல்லவேளை, நீங்க ஓட்டல. இந்த டிரைவரை வேலையை விட்டு நிறுத்திட்டீங்கன்னா, பிரீமியம் ஏறாம நான் எழுதிடறேன்."

"இப்பவே நிறுத்தியாச்சு!" வேங்கடசுப்ரமணியன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டேய், சாவியை வச்சுட்டுக் கெளம்பு. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிண்டு..."

இசக்கி அவரையே பார்த்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. த்தூ, என்ன பிறவியோ!

"இருப்பா, போயிராத" என்றார் கோமதிநாயகம். "சார், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒரு எழுத்தை மாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. லைசென்ஸ் உள்ளவன் ஓட்டியிருந்தாத்தான் கம்பெனி பணம் குடுக்கும், இல்லாட்டி முழுசும் ஓனர் தலையிலதான். உன் லைசென்ஸை எடுப்பா."

இசக்கி சாவியை மேஜைமேல் வைத்தான்.

"நான் இதுவரைக்கும் லைசென்சே எடுத்ததில்லய்யா."