தொப்பைப் பாறை

பாலைவனத்தில் காற்று அரித்த பாறைகளைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், ஒரு பாறையைக் காட்டி லோகாம்பாள் சிரித்தாள்.

"இது அப்படியே நீங்கதான். தொப்பைகூட இருக்கு பாருங்க."

அதன் நிழலில் அவளை உட்காரவைத்துவிட்டு, மற்ற பாறைகளைச் சுற்றிக்கொண்டு படமெடுக்கப் போனார் கணவர் சபேசன். திரும்பினால் அந்தப் பாறையைக் காணவில்லை. இந்தப் பக்கமிருந்து எதற்கும் தொப்பை இல்லை. எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர்ப் பை அவர் தோளில் இருந்தது.

"என்னங்க!" குரல் எல்லாப் பாறையிலிருந்தும் வந்தது.

"அங்கேயே இரு, நகராத, இதோ வர்றேன்!"

ஒவ்வொரு பாறையாகச் சுற்றி ஓடினார். வெயில் ஏறியது. அவள் கூப்பிடுவது நின்றுபோனது.

பிறகு, "சபேசன்!" என்று கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் வராத பெயர். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நின்று அவர்தான் சொல்வார்.

"லோகா!" என்று கத்தினார். காற்று சற்று ஓய்ந்தபோது அவள் குரல் மறுபடியும் கேட்டது. இம்முறை மெதுவாக, பக்கத்தில் நிழல் தந்து நிற்பவரிடம் பேசுவதுபோல.

"சபேசன், கொஞ்சம் தண்ணி குடுங்க."