அப்பாவுக்கு ஒரு தோல் சட்டை

“எங்கப்பாவுக்கு ஒரு தோல் சட்டை தைச்சுத் தர்றீங்களா அத்தை?” என்று துலுகாக் கேட்டதும் கௌனாக்குக்குப் பகீரென்றது.

“உங்கப்பாவுக்கா? நான் தைச்ச பூட்ஸைத் தண்ணியில முக்கிப் பார்த்துட்டு, ‘இது பூட்ஸா, மீன் வலையா?’ன்னு ஊரே சிரிக்கக் கேட்டவராச்சேடா!”

“இப்பல்லாம் அவருக்கு அவ்வளவா பேச்சில்லை அத்தை. நாளைக்குப் பனியில நாய் இழுக்கிற வண்டியில கூட்டிட்டுப் போறோம். குளிர் தாங்க மாட்டார்.”

“பழைய அளவு இருக்கே, அது போதுமா?”

“சேராது. ஆள் ரொம்பச் சுருங்கிட்டார்.”

கௌனாக் தன்னிடம் இருந்ததிலேயே மிருதுவான பனிமான் தோலை எடுத்து, மான் நரம்பு நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தாள். இந்தத் தடவையாவது அந்த மனுஷர் குறை சொல்லக் கூடாது.

மறுநாள் துலுகாக்குடன் அவன் மனைவி வந்து, தன் முதுகுப்பையிலிருந்து மூன்று மாதக் குழந்தையை இறக்கினாள். போன குளிர்காலத்தில் இறந்துபோன மாமனாரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். யார் பெயரை வைக்கிறார்களோ, அவரே திரும்பி வந்ததாகத்தான் அந்தப் பனிநாட்டில் கணக்கு. அதனால் துலுகாக்குக்குத் தன் பிள்ளைதான் அப்பா.

சட்டையை மாட்டிவிட்டு, “எங்கேயாவது குத்துதா பெரியவரே?” என்று பயந்துகொண்டே கேட்டாள் கௌனாக்.

பெரியவர் சட்டைக் கையின் தையலை வாயில் வைத்துச் சப்பிச் சோதித்தார். பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

“பாஸாயிட்டீங்க அத்தை!” என்றான் துலுகாக்.

பெரியவர் ஒரு கொட்டாவி விட்டார். பிறகு மருமகளின் முதுகில் ஏறிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் புறப்பட்டுப் போனார்.