நீலப் பால் வடியும் மரம்

ஈப்போ திரையரங்கின் இருட்டில் தர்மேந்திரன் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கும் மனைவி குமுதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்தப் படம் நான்காவது முறை. விண்வெளிப் படமென்றாலே கொட்டாவி விடுகிறவளை இதையாவது ரசிக்க வைத்துவிட வேண்டுமென்று கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறான். வேற்றுக் கிரகத்தில் வானம் முட்டும் ஒற்றை மரம் மின்னுகிறது. வீரன் ஒளிக்கத்தியால் பட்டையைக் கீறுகிறான். பீறிடும் நீலப் பாலின் வெளிச்சம் முன்வரிசைத் தலைகளின் மேலெல்லாம் வழிகிறது.

"எப்படி? பயங்கரம்லா?"

"ஐயோ, ஆழமா வெட்டிட்டான்லா!" குமுதா இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறாள். சித்தியவான் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வயதிலேயே அம்மாவோடு பால் மரம் சீவியவள் அவள். "பட்டையத் தாண்டி கட்டையில காயம் பட்டுடுச்சிங்க. இனி தேறாது, பாருங்க."

தர்மேந்திரனுக்குத் திக்கென்கிறது. மரம் சாவதுதான் படத்தின் கடைசித் திருப்பம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? கண்ணு இல்லயா?"

அவள் வலது கை, இல்லாத உளியைப் பிடித்தபடி, பட்டையின் மேலோடு மட்டும் காற்றை மெல்லச் சீவுகிறது. மூன்று முறையும் இதே காட்சிக்கு விசிலடித்தவன், இப்போது அந்தக் கையையே பார்க்கிறான்.