பன்னிரண்டு அடி

நான் படகின் மோட்டாரைக் கிளப்பியதும், மாரிவிக் படியிறங்கி ஓடிவந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் மீட்புக் குழுவிடம் இருந்தவை இரண்டே படகுகள்.

உதவி கேட்டு முந்நூறு வீடுகளிலிருந்து செய்தி வந்திருந்தது. பெயர், தெரு, எத்தனை அடி தண்ணீர் என்று வீட்டுக்கு ஒரு வரியாகக் கணினியில் தட்டி வைத்தது மாரிவிக்தான். அவள் புரோகிராம் எழுதக் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் அதிகமுள்ள வீடு மேலே வரும்படி அடுக்கச் சொல்லி, அந்தப் பட்டியலைத்தான் என்னிடம் தந்திருந்தாள்.

முதல் வரியில் 9 அடி. பிறகு 8, 7 என்று இறங்கிக்கொண்டே போனது.

கடைசிப் பக்கத்தில், 2 அடி வரிகளுக்கும் கீழே, 12 அடி. அதற்கும் கீழே 11, 10.

"அண்ணே, கம்ப்யூட்டர் இதை நம்பரா பாக்கல, எழுத்தா பாத்திருக்கு. 12-ல முதல்ல 1 நிக்குதில்ல, அதான் 9-க்குக் கீழ தள்ளிடுச்சு."

அவள் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். எண்ணாகப் பார்க்கச் சொல்லி ஒரே ஒரு வார்த்தையைத்தான் சேர்த்தாள். ஆனால் பொத்தானை அழுத்தாமல் திரையின் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். நேரமாகிறது என்று அதட்டினேன்.

அழுத்தினாள்.

12 அடி மேலே ஏறியது, அதன் பின்னாலேயே 11, 10 அடி வீடுகளும். 9 அடி பதினைந்தாவது வரிக்குப் போனது.

அந்தப் பன்னிரண்டு அடி வீட்டில் ஐந்து பேர் கூரை முகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குழந்தையைப் படகுக்குள் இழுத்தபோது முகடும் முங்கியது. ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பதினைந்தாவது வரிக்கு நான் போய்ச் சேர மாலை நான்கு மணி. மாடி அறையில் மேசைமேல் ஒரு பெரியவர் தனியாக நின்றிருந்தார். தண்ணீர் அங்கேயும் ஏறி மார்பு வரை வந்துவிட்டது. ஜன்னல் வழியாக அவரை வெளியே இழுத்தேன். பல் தந்தியடித்தது, அதையும் மீறி என்மேல் கோபம் அவருக்கு.

"இப்பதான் வர்றியாப்பா? லிஸ்ட்ல நீங்கதான் முதல்ல இருக்கீங்கப்பான்னு எம் பொண்ணு மாரிவிக் காலையிலேயே போன்ல சொன்னாளே."