சொல்லேலாது

தாண்டவன்வெளிச் சம்பந்தம் முறிந்தது கிராமச் சங்கக் கிளாக்கர் வினாயகமூர்த்தியால்தான். யோசேப்புக்கு இதில் சந்தேகமே கிடையாது.

ஏறக்குறைய முற்றாகிவிட்ட பேச்சு. மாப்பிள்ளையின் தகப்பன் டொமினிக் வந்து, யோசேப்பின் மகள் மக்டலினைப் பார்த்து, அவள் வைத்த இறால் சொதியை வாய் நிறையப் புகழ்ந்துவிட்டுத்தான் போனார். போகிற வழியில் கிளாக்கர் இருக்கிற சங்கக் கந்தோரிலும் ஏறியிருக்கிறார்.

அங்கே சுகாதார இடாப்பு என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். கிணறு எப்படி, கக்கூஸ் இருக்கிறதா, யாருக்காவது கசநோய் வந்ததா என்று எல்லாம் அதில் இருக்கும். முன்பிருந்த கிளாக்கர் ஒரு வாய் வெற்றிலைக்கு அதை ஒப்புவித்துவிடுவார். அதனால் கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் ஏறுகிற படி கந்தோர்ப் படிதான் என்று ஆகிவிட்டது.

டொமினிக் கேட்டதற்குப் புதுக் கிளாக்கர் ஒரே ஒரு சொல்தான் சொன்னாராம். "சொல்லேலாது."

டொமினிக் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. போன ஞாயிறு அந்தப் பையனுக்கும் வேறொரு பெண்ணுக்கும் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மக்டலினும் அந்தப் பூசையில்தான் இருந்தாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டவள், வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் அதை எடுக்கவில்லை.

யோசேப் வாவித் துறையில் தோணி விடுகிறவர். வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். இந்தக் கரையில் அவர் காதில் விழுந்தது, தோணி அந்தக் கரையைத் தொடுமுன் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் மூன்று நாளாக ஒருவரோடும் பேசவில்லை. நான்காம் நாள் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு, காத்திருந்த சனம் முணுமுணுக்க முணுமுணுக்க, கந்தோருக்கு நடந்தார்.

"என்ட செசீலியா காய்ச்சல்ல போனவ. அதைக் கசம் எண்டு எழுதி வைச்சிரிக்கிங்களா, கிளாக்கர்?"

வினாயகமூர்த்தி அவரைக் கதிரையில் உட்காரச் சொன்னார். இடுப்பிலிருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்து இடாப்பை எடுத்தார். ஒரு பக்கத்தை விரித்து, அடுத்த பக்கத்தை மை ஒற்றுகிற தாளால் மூடினார். யோசேப்பின் கண் அந்தத் தாளின் மேல் போனதும் அதைக் கையாலும் அழுத்திக்கொண்டார்.

"இது உங்கட வீட்டுப் பக்கம். உங்கட பக்கத்தை நீங்க பாக்கலாம்."

யோசேப் எழுத்துக் கூட்டி வாசித்தார். கிணறு நல்லது. கக்கூஸ் உண்டு. மனைவி இறந்தது காய்ச்சலில். தொற்று வருத்தம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே அந்த வயிறு பற்றி எரிந்தது.

"ஒண்டுமில்லத்தானே. அதை அந்த மனிசனிட்டச் சொல்லியிருந்தா, ஓலையில என்ட புள்ளட பேரெல்லோ வந்திரிக்கும்."

"ஒரு வீட்டுக்கு இல்லையெண்டு சொன்னா, சொல்லாம விட்ட வீட்டில என்ன இரிக்கு எண்டு சனம் தானாக் கண்டுபிடிச்சிரும், அண்ணன். அதால இந்தக் கதிரைக்கு வந்த நாளில இருந்து, ஆர் கேட்டாலும், ஆர்ட வீடெண்டாலும், எனக்கு ஒரே பதில்தான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். போன வருசம் நீங்க வந்து கேக்கக்குள்ளயும் அதைத்தானே சொன்னன்?"



போன வருசம் அவர் விசாரிக்க வந்தது ஜெயராஜாவின் வீட்டைப் பற்றி. தச்சு வேலைக்காரப் பையன். மக்டலின் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது யோசேப்புக்குத் தெரியும். கிளாக்கர் "சொல்லேலாது" என்றதும் அவர் நேரே வீட்டுக்கு வந்து, அந்த வீட்டில் கசம் இருக்கிறது, இந்தப் பேச்சு இத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்.

"அவர் சொல்லேலாது எண்டுதானேப்பா சொன்னவர்? இரிக்கு எண்டு சொல்லல்லையே" என்று மக்டலின் கேட்டாள்.

நெருப்பில்லாமல் புகையுமா, உனக்கு உலகம் தெரியாது என்று அவர் சிரித்தார். அதோடு விட்டாரா? ஏறி இறங்கின சனத்துக்கெல்லாம் தோணியிலேயே பாடம் நடத்தினார். கிளாக்கர் சொல்லேலாது என்றால் உண்டு என்று அர்த்தம். அன்றிலிருந்து இரண்டு கரையிலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஜெயராஜாவுக்கு ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. கல்லோயாப் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பி வரவுமில்லை, பெற்ற தாய்க்கு ஒரு கடிதம் போடவுமில்லை.

பெண் பார்க்க வந்த டொமினிக்கும் யோசேப்பின் தோணியில்தான் வந்தார். வழி நெடுக அவருக்கு இந்தக் கதையைச் சுவையாகச் சொல்லிக்கொண்டு வந்தது யோசேப்தான்.

கிளாக்கர் இடாப்பை மூடினார். யோசேப் அந்தத் தடித்த மட்டையையே பார்த்துக்கொண்டு, தன் வாழ்நாளில் பேசாத அளவுக்கு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, ஜெயராஜாட வீட்டுப் பக்கத்திலயும் ஒண்டும் இல்லையா, கிளாக்கர்?"

வினாயகமூர்த்தி இடாப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பை இடுப்பில் செருகினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"சொல்லேலாது, அண்ணன்."