இரண்டு வேலி நஞ்சை

திருவையாற்றில் மகள் அபிநயாவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த ராஜசேகரிடம், தரகர் காயாரோகணம் ஒரு ஜாதகத்தை நீட்டினார்.

"பையன் பேரு வெற்றிசெல்வன். வலங்கைமான் பக்கம் ரெண்டு வேலி நஞ்சை, எல்லாம் ஆத்துப் பாசனம். தண்ணி கிடையாது, சிகரெட் கிடையாது."

"கெட்ட பழக்கமே இல்லைங்கறீங்க?"

"சாயங்காலமானா கொஞ்சம் மூலிகை. அவ்வளவுதான்."

"கஷாயமா?"

"கஞ்சாங்க."

தேளைத் தொட்டவர்போல் ஜாதகத்தைக் கீழே போட்டார் ராஜசேகர்.

"யோவ், நான் பொண்ணைப் பெத்தவன்யா!"

"அளவாத்தான் அடிப்பாராம்..."

"அளவாவது மண்ணாவது! இன்னைக்கு அளவும்பான். நாளைக்கு நாத்து எது, களை எதுன்னு தெரியாம வரப்புல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருப்பான். ரெண்டு வேலி நஞ்சை இருந்து என்னய்யா? அவன் உள்ள இழுக்கிறதும் நஞ்சைத்தானே!"

காயாரோகணம் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. மறைக்காம சொல்லச் சொன்னதே மாப்பிள்ளைதாங்க. 'அவரு சந்தோஷப்படுவாரு, அவரு எழுதினதைப் படிச்சுத்தானே நானே ஆரம்பிச்சேன்'னாரு. இதுல உங்க கையெழுத்து வேற வாங்கியாரச் சொன்னாரு."

மஞ்சப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். அதன் அட்டையில் ராஜசேகர் கன்னத்தில் கைவைத்து, உலக நன்மைக்காகச் சிந்தித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'கஞ்சா ஒரு மூலிகை, தடையை நீக்கு!'

ராஜசேகர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அபிநயா அடுக்களையில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதினதுங்க."